வசூலுக்கு வந்தவன்

தமிழர்கள் கோயிலுக்குக் கொடுப்பார்கள், கல்யாணத்துக்கு மொய் எழுதுவார்கள், கட்சிக்குக்கூடக் கொடுப்பார்கள், அருங்காட்சியகத்துக்கு மட்டும் ஒரு ரூபாய் தர மாட்டார்கள். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது இதை யாராவது ஒருவர் சொல்லியே தீருவார். சொல்கிறவர் முகத்தில் ஒரு திருப்தியும் தெரியும். பழியைச் சமூகத்தின் தலையில் போட்டாயிற்று, இனி நிம்மதியாக டீ குடிக்கலாம். எனக்கு இதைக் கேட்டால் எரிச்சல்தான் வருகிறது. இவர்களில் ஒருவரும் அந்தச் சமூகத்திடம் போய் அருங்காட்சியகத்துக்காகக் கேட்டதில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வரவில்லை என்று புகார்.

திருத்தணி மலை ஏறிப் பாருங்கள். முன்னூற்று அறுபத்தைந்து படி. மேலே போனால் மின்விசிறியில் பெயர், பெஞ்சில் பெயர், டியூப்லைட்டில் உபயதாரர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர், கடை. வெளிச்சம் வருவதற்கும் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். இந்த டியூப்லைட் கிண்டல் ரொம்பப் பழசு, அதை விடுவோம். ஒரு மனிதர் தன் சம்பாத்தியத்தில் ஒரு பகுதியைப் பொது இடத்துக்குக் கொடுத்துவிட்டு, கொடுத்தது இன்னார் என்று தெரியட்டும் என்கிறார். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் எல்லாம் இந்த ஒரு ஆசையின்மேல்தான் நிற்கின்றன. அங்கே அதற்குக் கண்ணியமாக வேறு பெயர் வைத்திருக்கிறார்கள், எழுத்துருவும் நன்றாக இருக்கும்.

மலையிலிருந்து இறங்கி ஊருக்குள் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு வாருங்கள். கூட்டம் மேலேயே இருந்துவிடுவதால் இங்கே அமைதி. பல்லவ வம்சத்தின் கடைசி அரசன் என்று சொல்லப்படும் அபராஜிதன் காலத்துக் கற்றளி, ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதி. கருங்கல்லில் இதைக் கட்டியவர் நம்பி அப்பி என்று கல்வெட்டு சொல்கிறது. அரசன் கட்டிய கோயில் இல்லை, ஒரு கொடையாளர் கட்டியது. கல்வெட்டில் இருப்பது ஒரு வெண்பா. அதைப் பாடியவர் பெருமானடிகள், அதாவது அரசரே. கொடுத்தவருக்கு நன்றி சொல்ல ராஜா உட்கார்ந்து வெண்பா எழுதிக் கல்லில் வெட்ட வைத்திருக்கிறார். ஆயிரத்து நூறு வருடம் ஆகிறது, நம்பி அப்பியின் பெயர் இன்னும் அங்கே இருக்கிறது. நிதி திரட்டும் வேலையில் நன்றிக் கடிதம் எப்படி இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். இதைவிட நல்ல கடிதத்தை நான் பார்க்கவில்லை.

இலக்கிய வாசகர்களுக்கு இன்னொன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை. பரிசில் வாங்கிய ஒருவன் வாங்காத இன்னொருவனுக்கு, இன்ன வழியாகப் போ, இன்ன ஊர் வரும், இன்னாரிடம் கேள் என்று சொல்லி அனுப்புவது. வேலை மொழியில் சொன்னால் ரெஃபரல். மொய் நோட்டு இருக்கிறதே, அதுதான் கொடையாளர் தரவுத்தளம்: யார், எந்த ஊர், எவ்வளவு, எந்தத் தேதி. என் ஆபீஸில் இதே வேலைக்கு லட்சக்கணக்கில் கட்டி ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள், பாதிப் பேர் அதை நிரப்புவதே இல்லை. புதுக்கோட்டைப் பக்கம் மொய் விருந்தில் நோட்டு எழுதும் பெரியவரிடம் அந்த அலட்சியம் செல்லுபடியாகாது. ஆக, கொடுக்கும் பழக்கமும் இருக்கிறது, கேட்கும் மரபும் இருக்கிறது. நடுவில் என்ன அறுந்தது?

'வசூல்' என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள், வாயில் ஒரு கசப்பு வரும். கேட்கிற வேலையை நாம் கேவலமாக ஆக்கிவிட்டோம். சிலையைச் செய்தவர் கலைஞர், கண்டெடுத்தவர் அறிஞர், அதைப் பற்றிக் கட்டுரை எழுதியவர் விமர்சகர். அது இருக்கும் கூரை ஒழுகாமல் இருக்கப் பணம் கேட்டுப் போகிறவன் மட்டும் வசூலுக்கு வந்தவன். அரசு அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் இருப்பார், காவலர் இருப்பார், கொடையாளரைத் தேடிப் போவது யாருடைய வேலையும் அல்ல. மெட்ராஸ் அருங்காட்சியகமே 1851இல் ஒரு நன்கொடையில்தான் தொடங்கியது. மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி தன்னிடம் இருந்த சுமார் 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொடுத்தது, எட்வர்ட் பால்ஃபர் அதை எடுத்து நடத்தினார். தொடக்கம் கொடை, அதன் பிறகு எல்லாம் பட்ஜெட்.

திருவாலங்காடு திருத்தணி வட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து போன நடராஜர் இப்போது எழும்பூரில். ரோதேன் நேரில் பார்க்காமல் புகைப்படங்களை மட்டும் பார்த்துக் கிறங்கிப் போய் எழுதினாரே, அந்தக் கட்டுரை 1921இல் வெளியானது, அதே நடராஜர். ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு, 31 ஏடுகள், அதுவும் எழும்பூரில். போனது சரி, அதனால்தான் அவை பத்திரமாக இருக்கின்றன. ஆனால் இந்த வட்டத்துப் பள்ளிப் பிள்ளை தன் ஊர்ப் பொருளைப் பார்க்க ரயிலேற வேண்டும். திருத்தணி எங்களுடையது என்று ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் மறியல் செய்து, ஜெயிலுக்குப் போய், 1960 ஏப்ரல் 1இல் ஊர் மெட்ராஸ் மாநிலத்தோடு சேர்ந்தது. அந்தப் போராட்டத்தின் துண்டறிக்கைகளும் கடிதங்களும் வீட்டுப் பரண்களில் கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஊரை வாங்கினோம், ஊரின் தாளை வைக்க ஒரு அலமாரி வாங்கவில்லை.

இப்படிப்பட்ட தாள்களையும் பழைய தறிச் சாமான்களையும் வைக்க நண்பர்கள் தொடங்கிய, பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு சிறிய காட்சியகத்துக்காக இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் பணம் கேட்டு அலைந்தேன். அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை.

முதல் விஷயம், பணம் கேட்பதற்கு முன்னால் ஐந்தாறு தடவை பணம் கேட்காமல் போக வேண்டும். ரைஸ்மில் வைத்திருக்கும் ஒரு பெரியவர். மூன்றாவது தடவைதான் உட்காரச் சொன்னார். "கோயிலுக்குக் குடுத்தா புண்ணியம் தம்பி. உங்க மியூசியத்துக்குக் குடுத்தா என்ன வரும்?" நேர்மையான கேள்வி. பண்பாடு, பாரம்பரியம், அடையாளம் என்று ஸ்லைடில் இருக்கும் எந்தச் சொல்லும் அந்த அறையில் வேலை செய்யாது. "உங்க தாத்தா மறியல்ல இருந்தாராமே ஐயா, அப்ப உள்ள காகிதம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். உள்ளே போய் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தார். அன்றைக்குப் பணம் பேச்சே இல்லை. ஒரு மாதம் கழித்து, அந்தக் காகிதங்களைப் பூச்சி அரிக்காமல் வைக்க அமிலமில்லாத உறைகளும் பெட்டிகளும் வேண்டும், நாற்பதாயிரம் ஆகும் என்றேன். தொகையைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும், அதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான இடம். "பார்த்துப் பண்ணுங்க" என்று இழுத்தால் ஐந்நூறு ரூபாயோடு திரும்பலாம். அவர் கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார், பிறகு கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டார்.

கம்பெனிகள் வேறு ஜாதி. 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஏழாவது அட்டவணையில் பாரம்பரியப் பாதுகாப்பும் கலையும் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை பயனாளிகள்?" கண் ஆபரேஷனுக்கு எண் சொல்லலாம். செப்பேட்டைப் பார்த்த பிள்ளைக்கு என்ன ஆனது என்பதற்கு எந்த எக்செல்லிலும் நிரல் கிடையாது. அவரும் பாவம், மேலே காட்ட வேண்டும்.

வெளிநாட்டு உறவினர்கள்? அமெரிக்காவில் வேலை பார்த்தாலும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தால் அது வெளிநாட்டு நிதி ஆகாது. குடியுரிமை மாறிவிட்டால், ஓசிஐ அட்டை இருந்தாலும், எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டும், பணம் ஸ்டேட் வங்கியின் டெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது, 2020க்கு முன்பு அது 50. அண்ணன் கொடுக்கலாம், போன வருடம் சிட்டிசன் ஆன தம்பி கொடுக்க முடியாது. ஒரே வீட்டு மொய்யை இரண்டு நோட்டில் எழுதுகிற மாதிரி. என் சக மென்பொறியாளர்கள் 80ஜி ரசீது கேட்பார்கள். புதிய வருமான வரி முறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது என்றதும் "அப்ப அடுத்த வருஷம் பார்க்கலாம் மச்சி" என்பார்கள். மலைக்குப் போனால் இதே ஆட்கள் உண்டியலில் ரசீது கேட்பதில்லை.

இப்போது நான் சண்டை போட வந்த இடம். கிடைக்கிற பணம் எல்லாம் கட்டிடத்துக்கும் கண்ணாடிப் பெட்டிக்கும் வருகிறது. பட்டியல் போடுகிறவரின் சம்பளத்துக்கு வராது, கரன்ட் பில்லுக்கு வராது. "கட்டிடம்னா நான் பாத்துக்கிறேன், பேர் போட்டுருங்க. சம்பளம்லாம் நீங்க பாத்துக்கங்க." நாம் பார்த்துக்கொள்ள நம்மிடம் எதுவும் இல்லை. அதனால்தான் தமிழ்நாட்டில் எத்தனையோ காட்சிக்கூடங்கள் திறப்பு விழா அன்று மட்டும் உயிரோடு இருக்கின்றன.

இதை மரபு என்று யாரும் சொல்லாதீர்கள். மரபு நேர் எதிர். சோழர் கல்வெட்டுகளில் நந்தா விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று திரும்பத் திரும்ப வரும். விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. தினம் ஓர் உழக்கு நெய் வர வேண்டும், அதற்கு இத்தனை ஆடு, அதை மேய்க்க இன்னார். சாவா மூவாப் பேராடு என்றார்கள்: கிழடு போனால் குட்டி வரும், கணக்கு குறையாது. இதைவிடத் தெளிவான மூலநிதி வரையறை எனக்குத் தெரியாது, பணவீக்கத்துக்கும் அதிலேயே வழி இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரையும் வெட்டி, ஆளுக்கு ஒரு பங்குக்கு வருடம் 100 கலம் நெல் என்று எழுதி வைத்தான். சம்பளப் பட்டியலைக் கல்லில் எழுதிய சமூகம் இது. நாம் கல்லில் எழுதுவது திறந்து வைத்த அமைச்சர் பெயரை.

ஹார்வர்ட் தமிழ் இருக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். 60 லட்சம் டாலர். மருத்துவர்கள் ஜானகிராமனும் திருஞானசம்பந்தமும் ஆளுக்கு ஐந்து லட்சம் டாலரோடு தொடங்கி வைத்தார்கள், தமிழக அரசு 10 கோடி ரூபாய் தந்தது, பள்ளிப் பிள்ளைகள் வரை கொடுத்தார்கள், 2018இல் இலக்கு முடிந்தது. அப்போது ஹார்வர்டின் மூலநிதி 3,700 கோடி டாலருக்கும் மேல். உலகத்திலேயே பணக்காரப் பல்கலைக்கழகத்துக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று நிறையப் பேர் எழுதினார்கள், அதில் நியாயம் உண்டு. நான் அதிலிருந்து எடுப்பது வேறு. அங்கே ஒரு தொகை சொல்லப்பட்டது, அந்தத் தொகை ஒரு பேராசிரியரின் சம்பளத்தை நிரந்தரமாகத் தரும் என்று விளக்கப்பட்டது, கேட்க ஆட்கள் ஊர் ஊராகப் போனார்கள். தமிழர்கள் கொடுத்தார்கள். கட்டிடத்துக்கு இல்லை, சம்பளத்துக்கு. டீக்கடை வாதம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது, யாரும் தூக்கிப் போடவில்லை.

அழுக்குப் பணம் என்ற கேள்வி வரும். இளம் வாசகர்கள் சாக்லர் குடும்பக் கதையைப் படித்திருப்பீர்கள். வலிமாத்திரையில் சம்பாதித்த பெயரை லூவர் 2019இலும், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் 2021இலும், பிரிட்டிஷ் மியூசியம் 2022இலும் சுவரிலிருந்து எடுத்தன. நம் ஊரில் மணல் இருக்கிறது, கல்குவாரி இருக்கிறது. மலையைக் குடைந்தவர் கற்கால ஆயுதங்களுக்கு அலமாரி வாங்கித் தருகிறேன் என்று வருவார், நிச்சயம் வருவார். வேண்டாம் என்று சொல்லும் தெம்பு யாருக்கு இருக்கும்? நூறு பேரிடம் கேட்டு வைத்திருப்பவனுக்குத்தான். ஒரே ஒரு புரவலரை நம்பி இருப்பவன் யார் தந்தாலும் வாங்குவான். தன்னைப் பார்க்காமலே அனுப்பப்பட்ட அதியமான் பரிசிலைப் பெருஞ்சித்திரனார் திருப்பி அனுப்பினார், அவருக்கு வேறு வாசல்களும் தெரியும். கேட்கவே கூச்சப்படுகிற தூய்மைவாதிகளால் மறுக்கவும் முடியாது, அவர்களிடம் யாரும் எதுவும் நீட்டுவதில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை. நிதி திரட்டுகிறவருக்குச் சம்பளம் கொடுங்கள். கமிஷன் கூடாது, கொண்டுவரும் தொகையில் சதவிகிதம் வாங்குவதை அமெரிக்காவின் நிதி திரட்டுநர் சங்கம் தன் நெறிமுறையிலேயே தடை செய்திருக்கிறது, சரியான தடை. ஆனால் மாதச் சம்பளம் வேண்டும். சனிக்கிழமை மட்டும் போகும் என் மாதிரி ஆட்களை வைத்து ஓர் அலமாரி வாங்கலாம், ஓர் அருங்காட்சியகத்தை நடத்த முடியாது.

கணக்கைப் போட்டுவிடலாம், பழக்க தோஷம். பட்டியல் போடுகிறவர் ஒருவருக்கு மாதம் 25,000, வருடம் 3 லட்சம். 75 லட்சம் ரூபாய் மூலநிதி 7 சதவிகிதத்தில் 5.25 லட்சம் தரும். 3 லட்சம் சம்பளம், மிச்சம் 2.25 லட்சம் திரும்ப முதலில் சேரும். குட்டி போடுகிற மந்தை. இது மூலநிதிக்கு என்று கொடையாளர் எழுத்தில் தர வேண்டும், இல்லையென்றால் வருமானத்தில் சேர்ந்துவிடும். எழுபத்தைந்து பேர், ஆளுக்கு ஒரு லட்சம். இதுவரை பதினொரு பேர் சரி என்றிருக்கிறார்கள், ரைஸ்மில் ஐயாவும் அதில் உண்டு. பன்னிரண்டாவது ஆள் பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கிறார். வரும் சனிக்கிழமை காலையிலேயே போய்விட வேண்டும், பத்து மணிக்கு மேல் போனால் ஆளைப் பிடிக்க முடியாதாம்.