வீட்டுக்குக் கீழே உள்ள இடம் யாருக்குச் சொந்தம்?

அடுக்கு மாடி வீடுகளில் அடிக்கடி ஒரு சண்டை வருகிறது. தண்ணீருக்காக அல்ல, கார் நிறுத்தும் இடத்துக்காக!

வீடு விற்கும்போது கட்டிட அதிபர் ஒரு பிளானைக் காட்டுகிறார். அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிளான் அது. கீழே தூண்கள். தூண்களுக்கு நடுவே வண்டிகள் நிறுத்த இடம். மேலே வீடுகள். அதை நம்பித்தான் ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள்.

குடி வந்த பிறகு, "கீழே உள்ள இடத்துக்குத் தனி விலை" என்கிறார்கள். சில கட்டிடங்களில் அங்கே சுவர் எழுப்பிக் கடையே வைத்து விடுகிறார்கள்.

இப்படிச் செய்யலாமா?

மும்பை வழக்கு

மும்பையில் தகிசர் என்ற பகுதியில் "பாஞ்சாலி" என்று ஒரு கட்டிடம். அதில் தூண்களுக்கு நடுவே 25 கார்கள் நிறுத்தும் இடங்கள் இருந்தன. "அவை எனக்கே சொந்தம். குடியிருப்போர் சங்கம் தலையிடக் கூடாது" என்று கட்டிடக் கம்பெனி வழக்குப் போட்டது.

கம்பெனி ஒரு காகிதத்தையும் காட்டியது. "இந்த இடங்கள் கம்பெனிக்கே சொந்தம். அவற்றை விற்க எங்களுக்கு ஆட்சேபணை இல்லை" என்று வீடு வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்!

மும்பை ஐகோர்ட்டு இதை ஏற்கவில்லை. அந்தக் காகிதம் வீட்டுக்காரர்களைக் கட்டுப்படுத்தாது என்றது. கம்பெனி சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. அங்கும் தோற்றது.

2010-ம் ஆண்டு ஆகஸ்டு 31-ந் தேதி நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, ஏ.கே.பட்நாயக் தீர்ப்புக் கூறினார்கள். மராட்டிய மாநிலத்தின் 1963-ம் ஆண்டுச் சட்டப்படி வந்த தீர்ப்பு அது.

காரேஜ் என்றால் கூரை வேண்டும். மூன்று பக்கம் சுவர் வேண்டும். வெறும் தூண்களுக்கு நடுவே உள்ள இடம் காரேஜ் ஆகாது. அது எல்லோருக்கும் பொது. மாடிப்படியைத் தனியாக விற்க முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

கம்பெனிக்கு நஷ்டமா? இல்லை. பொது இடத்துக்கான விலையையும் வீட்டு விலையோடு சேர்த்து வாங்கிக் கொள்ளலாம் என்று கோர்ட்டு கூறியது. ஒரே பொருளை இரண்டு தடவை விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

பிளானை மாற்றலாமா?

2016-ம் ஆண்டு இந்தியா முழுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. அதன் 14-வது பிரிவு இதற்குப் பதில் சொல்கிறது.

அனுமதி பெற்ற பிளானில் பொது இடத்தை மாற்ற வேண்டுமானால், வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முன்கூட்டியே எழுத்து மூலம் சம்மதிக்க வேண்டும். 30 பேர் வாங்கியிருந்தால் 20 பேர் சம்மதம் தேவை. கட்டிட அதிபர் இந்தக் கணக்கில் சேர மாட்டார். ஒரே குடும்பம் பத்து வீடு வாங்கியிருந்தாலும் ஒரு ஆளாகத்தான் எண்ண வேண்டும்.

இது நல்ல பாதுகாப்பு. ஆனால் இதிலும் ஓர் ஆபத்து உண்டு. சம்மதம் என்பது கையெழுத்துத்தானே? சாவி வாங்கும் சந்தோஷத்தில் நீட்டிய காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டு விடுகிறோம். அவற்றில் ஒன்று இந்தச் சம்மதமாக இருக்கலாம். பிறகு கோர்ட்டு கோர்ட்டாக அலைய வேண்டி வரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இடம் பொது என்று கோர்ட்டு சொல்லி விடும். இடம் குறைவாகவும் கார் அதிகமாகவும் இருந்தால் யார் எங்கே நிறுத்துவது? அதைச் சங்கத்தில் எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். முதலில் வந்தவருக்கே என்றால் சண்டை தீராது.

என்ன செய்ய வேண்டும்?

அனுமதி பெற்ற பிளானின் விவரங்களைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை. வண்டி நிறுத்தும் இடம் எங்கே, எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாவிட்டால், படித்த பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

பிளானுக்கு மாறாக ஏதாவது நடந்தால், 2016-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையத்தில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டிலும் அந்த ஆணையம் இருக்கிறது.