கண்ணாடி போயிற்று, ஒளிவட்டம் வந்தது!

குருசுக்குப்பம் கடற்கரையில் விளக்கு எரிகிறது. லேசர் சிகிச்சை செய்த சிலருக்கு மட்டும் அதைச் சுற்றி வட்டம் தெரியும். "மனப்பிரமை" என்பார்கள் வீட்டார். பிரமை அல்ல!

லேசர் கருவிழியைச் செதுக்குகிறது. இருட்டில் கண் பாவை விரியும்போது, செதுக்கிய இடத்தின் ஓரத்திலும் ஒளி நுழையும். அதுதான் வட்டம். நரம்பு அறுபடுவதால் கண் வறளும், கடற்காற்றில் எரியும்.

முன்பு இத்தொல்லை இல்லாதவர்களில் 46 சதவீதம் பேர் வரை 3 மாதம் கழித்துப் புதுத் தொல்லை கண்டதாக 2017-ல் அமெரிக்க ஆய்வு கூறியது. மிகவும் அவதிப்பட்டவர்கள் 1 சதவீதத்துக்கும் குறைவே. முன்கூட்டியே எச்சரிக்க வேண்டும் என்று 2022-ல் அந்நாட்டு மருந்துத் துறை வரைவு வெளியிட்டது. கண் டாக்டர்கள் பலர் எதிர்த்தார்கள். சொல்லிவிட்டுச் செய்வதில் என்ன நஷ்டம்?

பலருக்குச் சில மாதங்களில் குறையும். அதுவரை இரவில் வண்டி ஓட்ட வேண்டாம். கண்ணைக் கசக்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் கடையில் சொட்டு மருந்து வாங்க வேண்டாம். 40 வயதுக்கு மேல் படிக்கக் கண்ணாடி தேவைப்படலாம். அது வயதின் வேலை.