கையெழுத்து யாருடையது?

2022 நவம்பரில் கனடாவின் மேற்குக் கரையில் வசிக்கும் ஒருவருக்குப் பாட்டி இறந்த செய்தி வருகிறது. டொரண்டோவுக்குப் போயாக வேண்டும். துக்கத்துக்குப் போகிறவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று ஏர் கனடாவின் இணையதளத்தில் இருந்த சாட்பாட்டிடம் கேட்கிறார். முழுக் கட்டணத்தில் டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம், 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் சலுகைத் தொகை திரும்பக் கிடைக்கும் என்று அது சொல்கிறது. நம்பிப் போய்வந்தார். பணம் கேட்டபோது, பயணம் முடிந்த பிறகு சலுகை கேட்க விதியில் இடமில்லை என்று நிறுவனம் கையை விரித்தது.

வழக்கு பிரிட்டிஷ் கொலம்பியாவின் குடிமைத் தகராறு தீர்ப்பாயத்துக்குப் போனது. சரியான விதி அதே தளத்தின் இன்னொரு பக்கத்தில் இருந்தது என்றது நிறுவனம். அதைவிட விசித்திரமாக, சாட்பாட் சொன்னதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் வாதிட்டது. அப்படியென்றால் அந்த மென்பொருள் தனக்குத் தானே பொறுப்பான ஒரு தனி நபரா என்று தீர்ப்பாயம் வியந்தது. தன் தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும், அது சாதாரணப் பக்கமானாலும் சாட்பாட்டானாலும், நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. ஒரு பக்கத்தில் படித்ததை இன்னொரு பக்கத்தில் போய்ச் சரிபார்க்கும் வேலை வாடிக்கையாளருடையது இல்லை. வட்டியும் வழக்குக் கட்டணமும் சேர்த்து ஏர் கனடா கட்ட வேண்டியிருந்தது சுமார் 812 கனடிய டாலர்.

அந்தத் தொகைக்காக ஒரு பெரிய விமான நிறுவனம் இப்படி வாதாடியிருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வாதத்துக்குப் பின்னால் இருக்கும் மனநிலை நமக்குப் புதிதா? ‘சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது சார்’ என்ற பதிலை வங்கிக் கவுன்ட்டரிலோ காப்பீட்டு அலுவலகத்திலோ கேட்காதவர் நம்மில் குறைவு. செயற்கை நுண்ணறிவு வந்த பிறகு அந்தச் சாக்கு இன்னும் கனமாகிவிட்டது. முன்பு சிஸ்டம் ‘எடுத்துக்கொள்ளவில்லை’. இப்போது சிஸ்டமே ‘முடிவெடுத்திருக்கிறது’.

தொழிலில் செயற்கை நுண்ணறிவை அறத்தோடு பயன்படுத்துவது பற்றிய கருத்தரங்குகளில் பாரபட்சம், வெளிப்படைத்தன்மை, தனியுரிமை என்று நிறையப் பேசுகிறார்கள். எல்லாம் தேவைதான். என் பார்வையில் அவற்றுக்கு முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: முடிவு தவறானால் பதில் சொல்லப்போவது யார், அந்த ஆளுக்கு முடிவை மாற்றும் அதிகாரம் உண்டா?

பாரபட்சத்தையே எடுத்துக்கொள்வோம். வேலைக்கு வரும் விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போட அமேசான் 2014 வாக்கில் ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கியது. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களை அதற்குப் பாடமாகக் கொடுத்தார்கள். தொழில்நுட்ப வேலைக்கு விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதால், ஆண்களே தேவலை என்று அது கற்றுக்கொண்டது. பெண்கள் சதுரங்கக் குழுவின் தலைவி என்று ஒருவர் எழுதியிருந்தால் மதிப்பெண் குறைந்தது. சரிசெய்து பார்த்தும் நம்பிக்கை வராமல் திட்டத்தைக் கைவிட்டார்கள். 2018-இல் ராய்ட்டர்ஸ் செய்தியால் இது வெளியே தெரிந்தது. தலைகுனிவான கதையாக இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் ஓரளவு நல்ல செய்தியும் தெரிகிறது: உள்ளே யாரோ பார்த்திருக்கிறார்கள், நிறுத்தும் அதிகாரமும் யாரிடமோ இருந்திருக்கிறது.

அது இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? இணையவழி ஆங்கிலப் பாடம் நடத்தும் ஐட்யூட்டர்குரூப், 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களையும் மென்பொருளைக் கொண்டே தள்ளிவிட்டது என்பது அமெரிக்க அரசு தொடுத்த வழக்கு. நிராகரிக்கப்பட்ட ஒருவர் பிறந்த தேதியை மட்டும் மாற்றி மறுபடி விண்ணப்பித்தார், நேர்காணல் கிடைத்தது. 2023-இல் 3,65,000 டாலருக்குச் சமரசம் ஆனது. குற்றச்சாட்டின்படி இதில் இயந்திரம் தானாகக் கற்றது எதுவுமில்லை, யாரோ ஒருவர் எழுதி வைத்த கட்டளைதான். இருந்தும் பலர் இதைச் ‘செயற்கை நுண்ணறிவின் பாரபட்சம்’ என்றே எழுதினார்கள். அப்படி எழுதும்போதே கட்டளை எழுதியவர் தப்பித்துவிடுகிறார்.

‘எங்களிடம் மனித மேற்பார்வை உண்டு’ என்பது நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் உறுதி. டெலாய்ட்டிலும் மனிதர்கள் இருந்தார்கள். ஆஸ்திரேலிய அரசுக்காக அந்த ஆலோசனை நிறுவனம் சுமார் 4,40,000 ஆஸ்திரேலிய டாலருக்குத் தயாரித்த அறிக்கையில், இல்லாத ஆய்வுகளும் நீதிமன்றத் தீர்ப்பிலிருந்து எடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒரு பொய் மேற்கோளும் இருந்தன. கண்டுபிடித்தவர் வெளியே இருந்த ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர். திருத்திய பதிப்பில்தான் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்திய விவரம் சேர்க்கப்பட்டது. 2025 அக்டோபரில் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. இந்த அறிக்கை எதைப் பற்றியது தெரியுமா? அரசு உதவித்தொகை பெறுவோர் மீது நடவடிக்கை எடுக்கும் தானியங்கி ஏற்பாடு சரியாக இயங்குகிறதா என்பதைப் பற்றி.

நாள் முழுக்கத் திரையில் ஓடும் கோப்புகளுக்கு ‘சரி’ அழுத்திக்கொண்டே போகும் ஊழியரை மேற்பார்வையாளர் என்று சொல்ல முடியாது. இயந்திரத்தோடு உடன்பட ஒரு சொடுக்கு போதும், மறுக்க ஒரு பக்கம் விளக்கம் எழுத வேண்டும் என்றால், மாதக் கடைசியில் இலக்கை முடிக்க வேண்டியவர் எதைச் செய்வார்? பின்னர் தவறு வெளிப்பட்டால் கையெழுத்து போட்டவர் என்று மாட்டிக்கொள்வதும் அவர்தான். இதைப் பொறுப்பு என்று அழைப்பது அநியாயம்.

இந்தியாவில் இதற்குத் தனிச் சட்டம் இல்லை. சென்னை ஐஐடி பேராசிரியர் பாலராமன் ரவீந்திரன் தலைமையிலான குழு வகுத்து, ஒன்றிய அரசு 2025 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளும் இருக்கும் சட்டங்களே இப்போதைக்குப் போதும் என்ற போக்கில் அமைந்தவை. பாதி உண்மை. கடன் விண்ணப்பத்தை நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த பழைய நடைமுறை. தன் மாடல் ஏன் மறுத்தது என்று சொல்லத் தெரியாத வங்கி, புதிய அறம் எதையும் மீறவில்லை. பழைய விதியைத்தான் மீறுகிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் கைகொடுக்கும். சாட்பாட் தவறாகச் சொல்லி நஷ்டப்பட்ட திருநெல்வேலிக்காரர், நிறுவனம் மும்பையில் இருந்தாலும் தன் ஊரிலேயே சேவைக் குறைபாடு என்று புகார் கொடுக்கலாம்.

ஓட்டை மறுபாதியில். இயந்திரம் மட்டுமே எடுத்த முடிவுக்குக் கட்டுப்படாமல் மனிதரின் மறுபரிசீலனையைக் கோரும் உரிமையை ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2018 முதல் தருகிறது. நம்முடைய 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அது இல்லை. ஒருவரைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படும் தரவு சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும் என்கிறது, அதோடு நின்றுவிடுகிறது. நிதித்துறைக்காக ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்ட்டில் தந்த ஏழு சூத்திரங்களில் பொறுப்புடைமை ஒன்று. கட்டுப்பாட்டைவிடப் புதுமைக்கு முன்னுரிமை என்பது இன்னொன்று. இரண்டும் மோதும்போது எது ஜெயிக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஞானம் வேண்டாம்.

இதில் சிறு தொழில்முனைவோரின் பாடுதான் கவலை தருகிறது. திருப்பூர் ஏற்றுமதியாளரோ கோவை பம்புசெட் உற்பத்தியாளரோ மாடல் எதையும் உருவாக்குவதில்லை. மாதச் சந்தாவுக்கு வாங்குகிறார்கள். வெளிவரும் பதிலைச் சரிபார்ப்பது பயனரின் பொறுப்பு என்பது அந்தச் சந்தா நிபந்தனைகளில் வழக்கமாக இருக்கும் வாசகம். ஆக, பழி வந்து விழுவது சங்கிலியின் கடைசிக் கண்ணியில். உள்ளே போகும் தரவிலும் ஆபத்து உண்டு. 2023-இல் சாம்சங் பொறியாளர்கள் நிறுவனத்தின் நிரல்களைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரிந்து, அத்தகைய கருவிகளுக்கே அந்த நிறுவனம் தடை போட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளரின் டிசைனையும் விலைப்பட்டியலையும் மின்னஞ்சல் எழுதித் தரச் சொல்லி அதே பெட்டியில் ஒட்டும் மெர்ச்சண்டைசருக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்களா?

இவ்வளவு பார்த்தால் தொழில் நடக்குமா என்று கேட்பார்கள். ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம் 2024 தொடக்கத்தில் தன் சாட்பாட் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாகப் பெருமைப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் தலைவர், செலவுக் குறைப்பில் அளவுமீறிக் கவனம் வைத்ததால் தரம் குறைந்தது என்று ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் சேவைக்கு மனிதர்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார். மிச்சப்பட்ட சம்பளத்தைக் கணக்கிட்டவர்கள், கோபித்துக்கொண்டு போகும் வாடிக்கையாளரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 மே மாதவாக்கில்தான் முழுமையாக நடைமுறைக்கு வருகின்றன. அதற்குள் ஒவ்வொரு நிறுவனமும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. தன்னிடம் எந்தெந்த முடிவுகளை மென்பொருள் எடுக்கிறது என்று பட்டியல் போடட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதட்டும். அந்தப் பெயருக்கு உரியவர் மேலதிகாரியிடம் கேட்காமலே முடிவைத் திருப்பலாம் என்று நியமன ஆணையில் ஒரு வரி சேர்க்கட்டும். பெயர் எழுத ஆள் கிடைக்காத முடிவுகளை மென்பொருளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளட்டும்.