மருந்தறையை எட்டாத ரசாயனம்

பிளஸ் டூ முடிவுகள் வெளிவந்து, எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்ற விசாரம் வீட்டுக்கு வீடு தொடங்கிவிடும் மாதங்களில், திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் நிற்கும் விளம்பரத் தட்டிகளை ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டு வரும் ஒருவருக்கு, இவ்வட்டாரத்துப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தவிர வேறொன்றையும் கற்க வேண்டியதில்லை என்று எவரோ தீர்மானித்துவிட்டார்களோ என்ற ஐயம் எழுமாயின், அதை மிகையென்று தள்ளிவிட முடியாது. செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் வேண்டாத வித்தைகள் என்று நாம் சொல்ல வரவில்லை. அவற்றால் பிழைப்போர் பெருகட்டும். ஆயினும் அச்சாலையை விட்டுக் கிழக்கே சிவகாசிப் பக்கம் திரும்பினால், கரிசல் காட்டின் நடுவே, ஒன்றுக்கொன்று எட்டி எட்டிக் கட்டிய சிறு அறைகளாகக் கம்பிவேலிக்குள் நிற்கும் பட்டாசு ஆலைகளில் அன்றாடம் கலக்கப்படும் ரசாயனத்தை எங்கே, யாரிடம் முறையாகக் கற்கலாம் என்ற கேள்விக்கு அந்தத் தட்டிகளில் விடை தேடிப் பயனில்லை.

விருதுநகர் மாவட்டம் படிப்பில் பின்தங்கியதன்று. 2018-லும் 2023-லும் பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் மாநிலத்தின் முதலிடம் இம்மாவட்டத்துக்கே கிடைத்தது. அதே 2018-ல் மத்திய அரசு, இன்னும் முன்னேற்றப்பட வேண்டியவை என்று நாடெங்குமிருந்து தெரிந்தெடுத்த மாவட்டங்களின் ஜாபிதாவில், தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரத்தோடு கூட இதுவும் சேர்க்கப்பட்டது. பரீட்சையில் முன்வரிசை, ஜீவனத்தில் பின்வரிசை என்னும் இந்த முரண்பாட்டுக்குக் காரணங்கள் பல உண்டு. வானம் பார்த்த பூமி என்பது அவற்றுள் பழையது. நன்றாகப் படித்த பிள்ளை ஊரை விட்டுப் போவதற்கே தன் படிப்பைப் பயன்படுத்தும்படியாக நம் உயர்கல்வி அமைந்திருப்பது, அவ்வளவாகப் பேசப்படாத இன்னொன்று.

இம்மாவட்டத்தில் உயர்கல்வி ஸ்தாபனங்களுக்குக் குறைவில்லை. விடுதலைப் போராட்டத் தியாகி கலசலிங்கத்தின் பெயரால் 1984-ல் கிருஷ்ணன்கோவிலில் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கி, 2006-ல் நிகர்நிலை அந்தஸ்துப் பெற்ற சர்வகலாசாலை மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. செவித்திறன் குன்றிய மாணவருக்கென்றே பொறியியல் பட்டப்படிப்பை அது நடத்திவருவது, வேறெதற்காக இல்லாவிட்டாலும் இதற்காகவே பாராட்டத் தக்கது. கிருஷ்ணன்கோவில் கல்லூரி பிறந்த அதே 1984-ல் உலோகப் பொடித் தொழிலிலிருந்து பிறந்த மெப்கோ ஷெலங்க் கல்லூரியும், 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும், 1968-ல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரியும் சிவகாசிக்குக் கிடைத்தன. இவையன்றி, 1966-ல் தோன்றிப் பின்னர் இம்மண்ணின் மைந்தர் காமராஜரின் பெயரைத் தாங்கிய மதுரைச் சர்வகலாசாலை, இம்மாவட்டக் கலைக்கல்லூரிகளுக்குத் தாயாக நிற்கிறது. அண்மை ஆண்டுகளில் அது ஆசிரியர் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்குமே திண்டாடியது வேறு கதை.

இந்தக் கல்லூரிகளில் சில எந்தப் பணத்தில் எழுந்தன என்பதை அவற்றின் பெயர்களே சொல்லும். அந்தப் பணத்தின் தொடக்கமோ ஒரு கல்வி யாத்திரை. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீக்குச்சி செய்யும் வித்தையைக் கற்று வந்து, மறு ஆண்டு சிவகாசியில் தீப்பெட்டி ஆலை வைத்தார்கள். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும் கிளைத்து, இன்று நாட்டின் பட்டாசில் பெரும்பகுதி இங்கேதான் உற்பத்தியாகிறது. தொழிலுக்கு விஞ்ஞானம் தேடி ஆயிரம் மைலுக்கு மேல் ரயிலேறிப் போனவர்களின் ஊரில், இத்தனை கல்லூரிகள் எழும்பிய பின்னரும், அந்தத் தொழிலின் விஞ்ஞானம் அதற்குரிய ஆசனத்தைப் பெறவில்லை என்பதுதான் நமது குற்றச்சாட்டு.

மருந்து கலக்கும் அறைக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். வெயில் ஏறுமுன்னரே வேலை தொடங்குகிறது. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் நிறுக்கப்பட்டு, சல்லடையில் கையால் சலிக்கப்பட்டுக் கலவையாகின்றன. உராய்வு சற்று மிகுந்தாலும், கலவையில் மண் துகள் ஒன்று கலந்தாலும், மேலே உடுத்திய நைலான் துணியில் மின்னூட்டம் சேர்ந்தாலும் விபத்துக்கு அது போதும். நைட்ரேட் உப்போடு சேர்ந்த அலுமினியப் பொடியில் ஈரம் பட்டால், யாரும் தொடாமலே கலவை உள்ளுக்குள் சூடேறும். அதைத் தடுக்கத்தான் சிறிதளவு போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். மீந்த மருந்தை மறுநாளைக்கு வைக்கக்கூடாது என்ற விதியின் நியாயமும் இதுவே. இந்த 'ஏன்' தெரிந்தவன் அவசரத்திலும் விதியை மீறத் தயங்குவான். 'இப்படித்தான் செய்யணும்' என்று மூத்தவர் சொன்னதை மட்டும் கேட்டவன், தீபாவளி ஆர்டர் நெருங்கி, உள்குத்தகைக்காரர் துரிதப்படுத்தும்போது, அறையில் இருக்க வேண்டியவர்களுக்கு மேல் ஆளை உட்கார்த்தி, மரத்தடியிலும் மருந்து செலுத்துவான். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டி, 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2024 மே மாதத்தில் செங்கமலப்பட்டி, 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி என்று வெடிவிபத்து நடந்த ஊர்களின் பெயர்கள் மாறிக்கொண்டே வர, விசாரணையில் வெளிப்படும் காரணங்கள் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை.

அரசுத் துறை நடத்தும் குறுகிய காலப் பாதுகாப்புப் பயிற்சிகள் உண்டு. மருந்துக் கலவைகளின் உராய்வுத் தன்மையைப் பற்றி இவ்வட்டாரப் பேராசிரியர்கள் ஆங்கிலச் சஞ்சிகைகளில் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளும் உண்டு. முன்னதற்கு ஆழம் போதாது; பின்னது ஆலையில் போர்மேன் கையில் சேர்வதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள வெளியில்தான் ஒரு பிராந்தியச் சர்வகலாசாலை நிற்க வேண்டும்.

இது ஆகாத காரியமா? தோல் தொழிலைப் பாருங்கள். 1948-ல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. தோல் தொழில்நுட்பம் சென்னையில் பட்டப்படிப்பாயிற்று. 1996-ல் வேலூர் மாவட்டத்துத் தோல் பதனிடும் சாலைகளின் கழிவுநீர் பற்றி உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியபோது, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் ஓடிப்போய்க் கேட்பதற்குத் தங்கள் மாநிலத்திலேயே தங்கள் தொழிலை அறிந்த விஞ்ஞானிகள் இருந்தார்கள். 2018 அக்டோபரில் அதே நீதிமன்றம் பேரியம் உப்பையும் சரவெடியையும் தடுத்து, பசுமைப் பட்டாசு ஒன்றே செல்லும் என்றபோது, சிவகாசி நாக்பூரை நோக்கிக் கைகட்டி நின்றது. அங்குள்ள சுற்றுச்சூழல் ஆராய்ச்சி நிலையம் வகுத்துத் தந்த கலவைமுறையை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வாங்கி வந்தார்கள். நாக்பூரின் உதவி குறைவானதன்று. நூறாண்டு அனுபவமுள்ள ஊர் தன் கலவையைத் தானே திருத்திக்கொள்ள இயலாமற்போனதே நமக்கு வருத்தம். கம்பளி நெசவுக்கு விஞ்ஞானம் வேண்டும் என்ற தேவையோடு 1874-ல் தொடங்கிய யார்க்‌ஷயர் கல்லூரியே பிற்காலத்தில் லீட்ஸ் சர்வகலாசாலையாக வளர்ந்தது என்பதையும் இங்கே நினைவூட்டலாம்.

அழிந்துவரும் தொழிலுக்கு இனிப் பட்டம் எதற்கு என்பார் உளர். பட்டாசு நாளையே நின்றுபோனாலும், வெடிபொருள் ரசாயனம் நிற்காது. கார்களின் காற்றுப்பையிலும், ரயில்வேயின் மூடுபனி எச்சரிக்கை வெடியிலும், சுரங்கத்திலும், ராக்கெட்டின் தீமூட்டியிலும் அதே வித்தைதான் வேலை செய்கிறது. மற்றோர் ஆட்சேபம் இதைவிட வலியது. 'எங்களோடு போகட்டும், எங்க பிள்ளை இந்த மருந்து வாசமே படாம இருக்கட்டும்' என்று திருத்தங்கலிலும் வெம்பக்கோட்டையிலும் தாய்மார்கள் சொல்வதைக் கேட்டவர்கள், அந்தப் பிள்ளையை மீண்டும் ஆலை வாசலுக்கே அழைக்கிறீர்களே என்று நம்மைக் கடிந்துகொள்ளலாம். அந்தத் தாயின் ஆசையை நாம் தலைவணங்கி ஏற்கிறோம். திரி செருகும் பாயில் அமர அவள் மகளை யாரும் கூப்பிடவில்லை. ஆலையைச் சோதித்து மூடும் அதிகாரமுள்ள இன்ஸ்பெக்டராகவும், கலவையை மாற்றும் ரசாயன நிபுணராகவும், 2022-ல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் பயின்று தீக்காயத்துக்கு மருந்திடும் வைத்தியராகவும் அவள் அதே வாசலில் நுழையலாம். கம்ப்யூட்டர்தான் வேண்டுமென்றால் அதற்கும் தடையில்லை. அவள் தேர்ந்தெடுக்கும்படி இரண்டும் இருக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

2024 நவம்பரில் விருதுநகருக்கு வந்த முதலமைச்சர், பட்டாசு விபத்தில் மாண்டோரின் குழந்தைகளுடைய உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்றும், முதற்கட்டமாக 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படும் என்றும் அறிவித்தார். மெச்சத் தக்க காரியம். ஆயினும் தகப்பன் எரிந்துபோன பிறகு முழுமையாகத் திறக்கும் கதவு, அவன் உயிரோடு உழைக்கும்போது மட்டும் பாதி சாத்தியிருப்பானேன்? புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பேருந்துக்கும் நோட்டுக்கும் உதவும், கட்டணத்துக்குப் போதாது. பொறியியல் கலந்தாய்வில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இடமும் கட்டண விலக்கும் கிடைக்கின்றன. அந்தக் கலந்தாய்வுக்கு வெளியே நிற்கும் நிகர்நிலைச் சர்வகலாசாலையை அந்தச் சட்டம் கட்டாது. கட்டாவிட்டாலும், கிருஷ்ணன்கோவில் தன் விருப்பமாகவே நூற்றுக்கு ஏழரை இடங்களைப் பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளரின் மக்களுக்குக் கட்டணமின்றி ஒதுக்கிவைத்தால், அதைவிடச் சிறந்த விளம்பரத் தட்டி அதற்கு வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது இதுவே. வெடிபொருள் ரசாயனமும் தொழிலகப் பாதுகாப்பும் சேர்ந்த பட்டப்படிப்பு ஒன்றைக் கிருஷ்ணன்கோவிலும் சிவகாசிக் கல்லூரிகளும் கூடி நடத்தட்டும். அதன் கூடவே போர்மேன்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் ஓராண்டு மாலைநேரப் பட்டயம் ஒன்று, முழுவதும் தமிழில், சிவகாசியிலேயே நடக்கட்டும். 2010-ல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியிருக்க, மருந்து கலவைக்குத் தமிழில் பாடநூல் எழுத முடியாது என்பது சாக்கு. செலவில் பாதியை ஆலை முதலாளிகளின் சங்கங்கள் ஏற்பது நியாயம். மீதியை, பட்டாசின் மீது 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வசூலிக்கும் மத்திய, மாநில அரசுகள் தரட்டும். பட்டயம் வெறும் காகிதமாய்ப் போகாதிருக்க, ஒவ்வோர் ஆலையிலும் அதைப் பெற்ற ஒருவரேனும் சம்பளப் பட்டியலில் இருந்தாலன்றி உரிமம் புதுப்பிக்கப்படாது என்ற ஒரு வரியை, 2008-ஆம் ஆண்டின் வெடிபொருள் விதிகளில் மத்திய அரசு சேர்க்க வேண்டும்.