பெரியம்மா வீட்டில் ஐந்து நாட்கள்

வெளிநாட்டில் வாழும் உறவினரைப் பார்த்துவர விரும்பும் குடும்பங்கள் நம் சங்கத்தில் பல. ஒருவருக்கு மகன் துபாயில். மற்றொருவருக்குத் தங்கை சிங்கப்பூரில். என்ன எடுத்துச் செல்லலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று அவர்கள் என்னையும் கேட்பதுண்டு. நானோ பத்தாம் வகுப்புடன் படிப்பை முடித்துக்கொண்ட ரயில்வே குமாஸ்தா. ஒரே ஒரு முறைதான் கடல் கடந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையே இம்மாதம் எழுதுகிறேன்.

என் தாயார் பிறந்தது இலங்கையில், ஹட்டனுக்கு அருகேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. 1964 இல் ஏற்பட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தொகை போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. எங்கள் பாட்டனார் இந்தியக் கணக்கில் வந்தார். அதற்குள் மணமாகியிருந்த பெரியம்மா, கணவர் வீட்டாருடன் இலங்கைக் கணக்கில் நின்றுவிட்டார்.

1978 இல், பதினாறாவது வயதில், என் தாயார் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்தார். மண்டபம் முகாமில் சில நாள் தங்கியபின் புனலூர் சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்காக 1976 இல் அங்கே நிறுவப்பட்ட மறுவாழ்வுத் தோட்டக் கம்பெனியில் ரப்பர் பால் வெட்டியே பிற்காலத்தில் என்னையும் ஆளாக்கினார். 1980களில் போர் மூண்டு அந்தக் கப்பலும் நின்றது. அதன்பின் கடிதங்கள் வந்தன. பின்னர் தொலைபேசியில் குரல் வந்தது. முகம் மட்டும் காணக் கிடைக்கவில்லை.

2024 ஆம் ஆண்டு தை மாதத்தில்தான் வேளை கூடிற்று. வெளிநாடு செல்ல இலாகா அனுமதி வாங்கினேன். இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்தேன். ஒரு பெட்டி நிறைய நேந்திரங்காய் வறுவலும் பாலராமபுரம் கைத்தறிப் புடவைகளும் கட்டிக்கொண்டோம். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு ஆகாய விமானத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். இங்கிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போக அதைவிட நேரமாகும். இந்த ஒரு மணி நேரத்தைக் கடக்க அம்மாவுக்கு நாற்பத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி அம்மாவின் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பிறந்த இடத்தைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். "சுற்றுலாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். "அக்காவைப் பார்க்க வந்தேன் என்று சொல்" என்றார் அம்மா. அதிகாரி புன்னகையுடன் முத்திரை குத்தினார்.

கோட்டை நிலையத்தில் ரயிலேறினோம். என் தொழில் புத்தி முதலில் தண்டவாளத்தைத்தான் கவனித்தது. நம் அகலப் பாதையைப் போன்றே ஐந்தரை அடிப் பாதை. ஊர்ப்பெயர்கள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தன. நாவலப்பிட்டியைத் தாண்டி வண்டி மலையேறத் தொடங்கியதும் அம்மா பேச்சை நிறுத்திவிட்டார்.

பெரியம்மா வசிப்பது லயத்தில். பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஓர் அறை, முன்னால் ஒரு சிறு திண்ணை, பின்னால் அடுப்படி. அண்ணன் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். அண்ணி கொழுந்து எடுக்கிறார். முதல் மூன்று நாட்களும் எங்களுக்கு ராஜோபசாரம். காலையில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும், மதியம் கோழிக்குழம்பு, நினைத்தபோதெல்லாம் தேத்தண்ணீர். சகோதரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விருந்தாளிகளைப்போல் அமர்ந்திருந்தார்கள். "சௌக்கியமா?" என்பதற்குமேல் பேச்சு நகரவில்லை. என் தாயாருக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. 1978 இல் குடும்பம் புறப்பட்ட அன்று, வழியனுப்ப அக்கா ஹட்டன் ஸ்டேஷனுக்கு வரவில்லை. தம்மை விட்டுப் போகிறார்கள் என்ற கோபம்தான் காரணம் என்று அவர் நம்பியிருந்தார்.

மூன்றாம் நாள் மாலை அடுத்த வீட்டு அம்மாள் வந்து, "மூன்று நாளாகப் பேர் விழவில்லையே, கடைக் கடனும் ஏறுகிறதே" என்று அண்ணியிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. தோட்டத்தில் ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்பார்கள். 2021 இல்தான் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. எங்களை உபசரிப்பதற்காக அண்ணி வேலைக்கே போகவில்லை. நாங்கள் உண்ட கோழியோ கடனுக்கு வாங்கியது.

நான் அவசரப்பட்டுப் பணத்தை எடுத்துப் பெரியம்மாவிடம் நீட்டினேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "விருந்துக்கு விலை கொடுக்கவா தம்பி கடல் தாண்டி வந்தாய்?" என்றார். நான் வெட்கித் தலைகுனிந்தேன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் விடியுமுன் எழுந்து அடுப்பை மூட்டினார். "அம்மாடி, நீ பெரட்டுக்குப் போ. பிள்ளையையும் சமையலையும் நானும் அக்காவும் பார்த்துக்கொள்கிறோம்" என்று அண்ணியை அனுப்பி வைத்தார். பெரியம்மா தடுத்துப் பார்த்தார். பிறகு தாமும் அரிவாள்மணையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

காய் நறுக்கும்போதுதான் பேச்சு வந்தது. "அன்று ஏன் அக்கா வரவில்லை?" என்று அம்மா கேட்டேவிட்டார்.

பெரியம்மா கை நின்றது. "அந்த மாதம் உன் அத்தான் படுக்கையில் கிடந்தார். நானும் பல நாள் வேலைக்குப் போகவில்லை. இன்னும் ஒரு நாள் நின்றால் பேரை வெட்டிவிடுவேன் என்றார் கங்காணி. மலைமேல் கொழுந்து எடுத்துக்கொண்டே ரயிலைப் பார்த்தேன். நீங்கள் எந்தப் பெட்டியில் இருந்தீர்களோ தெரியாது. எல்லாப் பெட்டிக்கும் கை காட்டினேன், தங்கச்சி."

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அன்று சமையல் முடிய மாலையாயிற்று.

அன்பர்களே, எதை எடுத்துச் செல்வது என்று கேட்கிறீர்கள். வறுவலும் புடவையும் தாராளமாகக் கொண்டு போங்கள். ஆனால் நாம் தங்கும் ஒவ்வொரு நாளும் அந்த வீட்டுக்கு என்ன செலவாகிறது என்று முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். வளைகுடாவில் இரவு வேலை பார்த்துவிட்டு வரும் தம்பி, நமக்கு ஊர் காட்டுவதற்காகத் தூக்கத்தை விட்டிருப்பான். கேட்டால் சொல்லமாட்டான். பணத்தை நீட்டினால் மனம் நோவான். அவனைத் தூங்கவிட்டு, நாம் சோறு வடித்து வைத்தால் ஏற்றுக்கொள்வான்.

ஐந்தாம் நாள் பெரியம்மா ஹட்டன் நிலையத்துக்கு வந்து, தேயிலைத் தூள் பொட்டலத்தை அம்மாவின் மடியில் வைத்தார். அண்ணி வரவில்லை; வேலைக்குப் போயிருந்தார். வண்டி நகர்ந்ததும் அம்மா ஜன்னலோரம் நகர்ந்து உட்கார்ந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் தென்பட்ட மலையெல்லாம் பார்த்துக் கை காட்டிக்கொண்டே வந்தார்.