என் காய்ச்சலுக்கு அவள் படிப்பா விலை?

காய்ச்சல் எனக்கு. பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்வது என் மகளை. இது எந்த ஊர் நியாயம்?

"பொம்பளப்பிள்ள வீட்ல இருக்கும்போது நீ ஏன் அடுப்படியில கெடந்து சாகுற? நாலு நாளைக்கு அவள நிப்பாட்டு." மாமியார் சொல்கிறார், பக்கத்து வீட்டு மதினி சொல்கிறாள், நான் ஒட்டும் தீப்பெட்டிக் கட்டை வாங்க வரும் கணக்குப்பிள்ளையும் சொல்கிறார். என் மேல் இரக்கப்பட்டுத்தான் சொல்கிறார்கள். அந்த இரக்கத்தின் செலவை எட்டாம் வகுப்புப் பிள்ளை தலையில் கட்டுகிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது. அவள் அப்பாவை ஒரு நாள் நிற்கச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் காட்டில் மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கம்பும் இல்லை. தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி. என் அம்மா அங்கே கட்டையில் தீக்குச்சி அடுக்கியவள். அவளுக்கு இளைப்பு வந்த வருசம் என்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். விடியுமுன்னே ஆபீஸ் வண்டி வந்து நிற்கும். தூக்கம் கலையாத பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் அடித்தாலும் கேட்க ஆளில்லை.

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986லேயே வந்துவிட்டது. சிவகாசியில் வேலை பார்த்த பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்கச் செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு 5,000 ரூபாய் போட வேண்டும். பெரியவர்களுக்குப் பிழைப்பு இருந்தால்தான் பிள்ளை பள்ளியில் தங்கும் என்று அந்த நீதிபதிகளுக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பெரியவர் நோயில் விழுந்தால் என்ன செய்வது?

இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டில் பதிவு உள்ளவர்களுக்கு நோய்க்காலத்தில் கூலியில் 70 சதவீதம், வருசத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டிக் கொடுக்கும் என் பெயர் எந்தப் பேரேட்டிலும் கிடையாது. படுத்த அன்றைக்குக் கூலி போச்சு. அந்த ஓட்டையை அடைக்கத்தான் பெண்பிள்ளையைக் கேட்கிறார்கள்.

2016ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றார்கள். பள்ளி நேரம் போகக் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தார்கள். வீட்டுக்குள்ளே அந்த நேரக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? "உடல்நலமில்லை" என்று விடுப்புக் கடிதம் போகிறது. யாருக்கு உடல்நலமில்லை என்று யாரும் கேட்பதில்லை.

என் மகள் கல்நெஞ்சுக்காரி இல்லை. பள்ளிவிட்டு வந்ததும் கஞ்சி வைத்துத் தருகிறாள், நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறாள். அது அவளாகத் தருவது. அதையே கடமையாக்கிப் பிடுங்கிக்கொள்ள எனக்கு என்ன உரிமை? பெற்றவளுக்கு மரியாதை கொடு என்று பிள்ளைக்குப் புத்தி சொல்ல ஊரே திரண்டு வருகிறது. பிள்ளைக்கும் மரியாதை உண்டு, அவளுக்கும் பரீட்சை உண்டு, சிநேகிதிகள் உண்டு, அவளுக்கென்று ஒரு நாள் உண்டு என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை.

என் மகன், சின்னவன், மூன்றாம் வகுப்பு. 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றிலும் காலை உணவு போடுகிறார்கள். நான் எழுந்திருக்க முடியாத காலையிலும் அவன் பசியோடு பாடம் கேட்பதில்லை. தாய் படுத்தால் பிள்ளையைத் தாங்க ஊருக்கும் அரசுக்கும் வழி உண்டு என்பதற்கு அந்தத் தட்டு ஒன்றே சாட்சி.

அதனால்தான் கேட்கிறேன். வீட்டு ஆம்பளைகளே, மனைவி படுத்திருக்கும் நாளில் உலை வையுங்கள். முதலாளிமாரே, பெட்டி ஒட்டும் பெண்களையும் பதிவில் ஏற்றுங்கள். டீச்சர்மாரே, ஒரு பெண்பிள்ளை நாலு நாள் வராவிட்டால் வீட்டில் யார் படுத்திருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

என் படிப்பு என் அம்மாவின் நோயோடு போனது. என் நோயோடு என் மகளின் படிப்பு போக விடமாட்டேன்.