அத்தைக்குப் பிடித்த காய்

வெளியூர் போய்த் திரும்பியவர்களைப் பட்டணத்தில், “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்பார்கள் போலிருக்கிறது. எங்கள் பழனிசெட்டிபட்டியில் அப்படியில்லை. “என்ன சாப்பிட்டீக?” என்பதுதான் முதல் கேள்வி. சில வருஷங்களுக்கு முன் நாங்கள் ஆமதாபாத் போய்த் திரும்பியபோது, தெருப் பெண்கள் எங்கள் அத்தையைச் சூழ்ந்துகொண்டு இதைத்தான் கேட்டார்கள். அத்தை ஒரே வார்த்தையில் பதில் சொன்னார்: “கத்திரிக்கா!”

ரயிலில் ஆயிரம் மைலுக்கு மேல் போய்க் கத்திரிக்காயா சாப்பிட்டு வந்தீர்கள் என்று அவர்கள் சிரித்தார்கள். நீங்களும் சிரிப்பீர்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், சகோதரிகளே!

தேனியைச் சுற்றி நூற்பாலைகள் உண்டு. நம் பக்கத்து ஆலைகளுக்குக் குஜராத்துப் பஞ்சு, அதிலும் சங்கர்-6 என்கிற ரகம், வேண்டியிருக்கிறது. பஞ்சு விஷயமாக என் கணவர் ஆமதாபாத் புறப்பட்டார். அது தை மாதம். இதுதான் சமயமென்று அத்தையும் நானும் தொற்றிக்கொண்டோம்.

போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் என் கணவர் குஷியாக, “அம்மா, கிளம்புங்க. இன்னைக்கு ராத்திரி தாலி சாப்பிடப் போறோம்” என்றார். அத்தை திடுக்கிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். “விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேச்சு இது!” அங்கே தாலி என்றால் தட்டு, தட்டு நிறையக் கிண்ணங்களை வைத்துப் பரிமாறும் முழுச் சாப்பாடு என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

நாங்கள் போன இடத்துக்கு ‘விஷாலா’ என்று பெயர். உள்ளலங்காரக் கலைஞரான சுரேந்திர படேல் என்பவர் 1978-இல் ஏற்படுத்தியது. பட்டணத்துக்கு நடுவே ஒரு குஜராத்திக் கிராமத்தையே கொண்டுவந்து வைத்தாற்போல் இருந்தது. மண் மெழுகிய சுவர்கள், கயிற்றுக் கட்டில்கள், மரத்துக்கு மரம் அரிக்கேன் விளக்கு. ஒரு பக்கம் பொம்மலாட்டம், இன்னொரு பக்கம் நாட்டுப்பாட்டு. “இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? இதுதான் நம்ம ஊர்லயே இருந்துச்சே!” என்றார் அத்தை. ‘இருந்துச்சே’ என்று அவர் சொன்னதைக் கவனியுங்கள்.

சாப்பாட்டுக்கு முன் அங்கேயே உள்ள பாத்திரக் காட்சிசாலைக்குள் நுழைந்தோம். ‘வேச்சார்’ என்று பெயர், 1981-இல் திறந்தது. பழைய பித்தளையும் செம்பும் உருக்குகிற உலைக்குப் போய்க்கொண்டிருந்ததைக் கண்டு மனம் பொறுக்காமல் படேல் சேகரிக்க ஆரம்பித்தாராம். 4,000-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள்! தவலை, குடம், சொம்பு, தூக்கு, விதவிதமான பாக்குவெட்டிகள். பொன் போல மின்னிய ஒரு தவலைக்கு முன்னால் அத்தை நின்றுவிட்டார்.

“இதே மாதிரி ஒண்ணு எங்க ஆத்தா எனக்குச் சீராக் குடுத்துச்சு. அதைப் போட்டுத்தான் எவர்சில்வர் அடுக்கு வாங்கினோம்.”

“உங்களுக்கு எப்படி அத்தை மனசு வந்தது?”

“என்னைய எங்க கேட்டாக? ஒங்க மாமா தூக்கிக் குடுத்துட்டாக” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த பாத்திரத்துக்கு நகர்ந்துவிட்டார்.

பிறகு சாப்பாடு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தோம். எதிரே குட்டையான பலகை, அதன்மேல் தைத்த இலை, மண் குவளைகள். தலைப்பாகை கட்டிய பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக வர ஆரம்பித்தார்கள். குஜராத்திச் சாப்பாட்டில் ஒரு முறை இருக்கிறது. நம் இலையில் இனிப்பு ஓர் ஓரத்தில் தொட்டுக்கொள்ள இருக்கும்; பாயசம் கடைசியில் வரும். அங்கேயோ இனிப்பும் காரமும் கைகோத்துக்கொண்டு முதலிலேயே வந்துவிடுகின்றன. ‘பர்ஸாண்’ என்று சிற்றுண்டி வகை: நம் இட்லிக்கு ஒன்றுவிட்ட தங்கை போன்ற டோக்ளா, கடலை மாவும் மோரும் கிளறிச் சுருட்டிய காண்ட்வி, சேப்ப இலையில் மாவு தடவிச் சுருட்டி வேகவைத்த பாத்ரா. அப்புறம் இரண்டு மூன்று காய்கறி, ஒரு பயறு, பருப்பு, ரொட்டி வகைகள். கடைசியில் கிச்சடி, சாதம், மோர், அப்பளம்.

பருப்பை வாயில் வைத்த அத்தை, “ஏத்தா, இதுல வெல்லம் விழுந்துருச்சு போல” என்று ரகசியமாகச் சொன்னார். விழவில்லை, போடுவதே அப்படித்தான் என்றேன். புளிப்பு, காரம், தித்திப்பு மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. ‘கடி’ என்று ஒன்று வந்தது. பெயர்தான் கடி, கடிக்க ஒன்றும் இல்லை. மோரில் கடலை மாவைக் கரைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தது. காய் போடாத மோர்க்குழம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பு மாவில் தட்டிய ரோட்லா, அதன்மேல் ஒரு கட்டி வெண்ணெய், பக்கத்தில் வெல்லம். கம்பம் பள்ளத்தாக்குக்காரிக்குக் கம்பு புதிதா? அத்தை முகம் மலர்ந்துவிட்டது.

ஸ்ரீகண்டும் வந்தது. நல்ல கட்டித் தயிரை மெல்லிய துணியில் மூட்டையாகக் கட்டி, இரவு முழுவதும் தண்ணீர் வடியத் தொங்கவிடுங்கள். மறுநாள் மூட்டைக்குள் வெண்ணெய் போல் நிற்கும். அதில் பொடித்த சர்க்கரை, ஏலப்பொடி, பாலில் ஊறிய குங்குமப்பூ சேர்த்துக் குழைத்தால் ஸ்ரீகண்ட். மோந்து பார்த்த அத்தை, “நம்ம போடி ஏலக்காதான்” என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்!

இந்தச் சாப்பாட்டில் பதார்த்தங்களை விடப் பெரிய விஷயம் உபசாரம். இலையில் இடம் தெரிந்தால் போதும், கரண்டி வந்துவிடும். வேண்டாம் என்றால் இன்னும் அன்பாக வற்புறுத்துவார்கள். அதனால் முதலிலேயே சிற்றுண்டியை நிரப்பிக்கொள்ளாமல் நிதானமாகச் சாப்பிட வேண்டும். போதுமென்றால் ‘பஸ்’ என்று சொல்லச் சொன்னேன். அத்தை, “பஸ்! பஸ்!” என்று கூவினார். எங்கள் ஊரில் இப்படிக் கூவினால் எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு கம்பம் ரோட்டுக்கு ஓடியிருப்பார்கள்.

ஆனால் அத்தைக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு முறை எழுந்திருக்கப் பார்த்தார். ஒரு தடவை பரிமாற வந்த பையன் கையிலிருந்த கரண்டிக்கே கையை நீட்டிவிட்டார். “நீ போய் உக்காரு தம்பி, நான் இவுகளுக்கு வைக்கிறேன்.” பையன் சிரித்துக்கொண்டே அவர் இலையில் இன்னொரு ரோட்லா வைத்தான். வயது எழுபதை நெருங்கிவிட்டது. உட்கார்ந்த இடத்தில் இப்படி ஒருவர் கேட்டுக் கேட்டுப் பரிமாறி அவர் சாப்பிட்டதே இல்லை.

பையன் காய்கறிகளைக் காட்டி, எது இன்னும் வேண்டும் என்று ஜாடையில் கேட்டான். அத்தை என்னைப் பார்த்தார். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் இலையைப் பார்த்தார். பதினோரு வருஷமாக ஒரே அடுப்படியில் நிற்கிறோம். அத்தைக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை!

கடைசியில் அத்தையே விரலை நீட்டினார். சுட்ட கத்திரிக்காயைத் தோலுரித்து மசித்து, பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்துத் தாளித்தது, ‘ஓளோ’ என்கிறார்கள். அதை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார்.

“கத்திரிக்காய் இவ்வளவு பிடிக்குமா அத்தை? வீட்டில் ஒரு நாள்கூடச் செய்ததில்லையே?”

“ஒங்க வீட்டுக்காரனுக்குச் சின்னதுலயே அது ஒத்துக்கல. ஒடம்பு பூராம் தடிச்சுப் போச்சு. அதுல இருந்து அந்தக் காயை வாங்குறதில்ல.”

என் கணவருக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. கணக்குப் போட்டுப் பார்த்தார் போலிருக்கிறது. பிய்த்த ரொட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

ஊர் திரும்பிய வாரம் அவரே பை நிறையக் கத்திரிக்காயோடு வந்தார். இப்போது எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாள், அவருக்குத் தனியாக ஒரு காயும் அத்தைக்குச் சுட்ட கத்திரிக்காயும் உண்டு. இன்னும் ஒரு காரியம்தான் என்னால் முடியவில்லை: அத்தையை முதல் பந்தியில் உட்கார வைப்பது. “நீங்க சாப்பிடுங்க, நான் வைக்கிறேன்” என்று கரண்டியைப் பிடுங்கிக்கொள்கிறார்.

உங்கள் வீட்டிலும் கரண்டி பிடிக்கும் கை ஒன்று இருக்குமே! அது உங்கள் அம்மாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். ஆமதாபாத் வரை போக வேண்டியதில்லை. இன்று ராத்திரி அவரை உட்கார வைத்து, “உங்களுக்கு என்ன பிடிக்கும்?” என்று கேளுங்கள். “எனக்கு எதுனாலும் சரிதான்” என்று பதில் வரும்.

நம்பாதீர்கள். இன்னொரு தடவை கேளுங்கள்.